எந்தக் கேமரா வாங்கலாம்?



முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சுற்றுலா, ஊர்ப்பயணம், திருவிழா என்று கிளம்பிவிடுவீர்கள். அப்போது பல வீடுகளில் எழும் கேள்வி, "அப்பா, எனக்கு ஒரு கேமரா வாங்கித் தருவீங்களா?" என்பது. கடைக்குப் போனால் எத்தனையோ வகைகள், எத்தனையோ எண்கள்! விலை அதிகமானதே நல்லது என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் உங்கள் பெற்றோர் உழைத்துச் சேர்த்தது. ஆகவே வாங்கும் முன் கொஞ்சம் யோசிப்போம்.

கேமரா என்பது பெரியவர்களுக்கு மட்டுமே உரிய பொருளாக ஒரு காலத்தில் இருந்தது. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 'பிரவுனி' என்ற சின்னக் கேமராவை வெளியிட்டது. அது ஓர் அட்டைப்பெட்டி, அதில் ஒரு லென்ஸ், ஒரு பொத்தான், அவ்வளவுதான்! விலை ஒரு டாலர். உங்களைப் போன்ற சிறுவர், சிறுமியரை மனத்தில் வைத்தே அதைச் செய்தார்கள். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. எளிமையாக இருந்ததுதான் அதன் வெற்றிக்குக் காரணம்.

நம் நாட்டிலும் பரோடாவில் தயாரான 'அக்ஃபா கிளிக்' கேமரா உங்கள் தாத்தா, பாட்டி வீடுகளில் இருந்திருக்கலாம். ஒரு பிலிம் சுருளில் 12 படங்கள்தான் எடுக்க முடியும். நம் உதகமண்டலத்திலேயே 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் பிலிம்கள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. டிஜிட்டல் கேமரா வந்து பிலிமின் தேவை குறைந்ததும் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

அந்த 12 படங்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் காசு செலவாகும். அதனால் நன்றாகப் பார்த்து, நின்று, நிதானித்து எடுத்தார்கள். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்தியவன் என்று சங்கப் பாடல் சொல்கிறதே! அதற்கு வில் மட்டுமா காரணம்? குறிபார்த்த கண்ணும் அல்லவா காரணம்! இன்று ஆயிரம் படங்கள் எடுக்கலாம். ஆனால் குறிபார்க்க மறந்துவிட்டோம்.

சரி, இனி கேமராவுக்கு வருவோம். பகல் வெளிச்சத்தில், வெளியிடங்களில், அன்றாடம் படம் எடுக்க என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் மெகாபிக்சல் கணக்கு. பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். நாம் வழக்கமாகப் பிரிண்ட் போடும் படத்தின் அளவு 6 அங்குலம் நீளம், 4 அங்குலம் அகலம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் படம் தெளிவாக இருக்கும். பெருக்கிப் பாருங்கள். 1,800 பெருக்கல் 1,200. விடை 21,60,000. அதாவது, இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம்! அதைப்போல நான்கு மடங்கு பரப்புள்ள 12-க்கு 8 அங்குலப் படத்துக்குக்கூட ஒன்பது மெகாபிக்சல் இருந்தால் போதும். பிறகு ஐம்பது, நூறு என்று பெரிய எண்ணைப் பார்த்து ஏன் மயங்க வேண்டும்?

இரண்டாவது ஜூம். இதில் இரண்டு வகை உண்டு. லென்ஸ் நகர்ந்து தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டுவது ஆப்டிகல் ஜூம். இது உண்மையான ஜூம். எடுத்த காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கிக் காட்டுவது டிஜிட்டல் ஜூம். செய்தித்தாளில் உள்ள படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளிகள்தான் பெரிதாகத் தெரியும், புதிதாக ஒன்றும் தெரியாது. டிஜிட்டல் ஜூமும் அப்படித்தான். ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருப்பது எந்த ஜூம் என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது திரை. கடைக்குள் பளிச்சென்று தெரியும் திரை, உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். முடிந்தால் கடைக்கு வெளியே வந்து பார்த்துவிடுங்கள். நான்காவது பேட்டரி. பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் இயங்கும் கேமரா என்றால் மலையிலும் கவலையில்லை. ஐந்தாவது எடை. சட்டைப்பையில் அடங்கி, மணிக்கட்டில் மாட்டக் கயிறும் இருந்தால் அதுவே சிறந்தது. கனமான கேமரா பீரோவில்தான் தூங்கும்.

இப்போது செல்போனிலேயே நல்ல கேமரா வந்துவிட்டதால், மலிவான சின்னக் கேமராக்களைச் செய்வதைப் பல நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. அதற்காக வருந்த வேண்டாம். சித்தப்பா வீட்டிலோ, அத்தை வீட்டிலோ பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று சும்மா கிடக்கலாம். கேட்டு வாங்குங்கள். அதன் பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாமல் பெரியவர்களிடம் காட்டுங்கள். பழைய கேமராக்கள் சில, 2 ஜி.பி.க்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்காது. அதையும் கவனியுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் அம்மாவின் செல்போன் போதும்.

ஏனென்றால், வெளியே படம் எடுப்பவருக்குப் பெரிய துணை சூரியன். கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காளப்பநாயக்கன்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குக் கிழக்கே மலை நிற்கிறது. காலையில் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் வருவதால், அப்போது எடுத்தால் மலை வெறும் கறுப்புச் சுவராகத்தான் விழும். மாலை நான்கு மணிக்கு மேல் எடுங்கள். மேற்கு வெயில் மலைமுகத்தில் விழுந்து, மடிப்புகளும் மரங்களும் பசுமையாகத் தெரியும். கேமரா அதேதான். மாறியது நேரம் மட்டுமே! இந்த அறிவை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

மா.கிருஷ்ணன் (1912-1996) என்ற இயற்கை அறிஞர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன். யானைகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையில் அற்புதமாகப் படம் பிடித்தார். அவர் பயன்படுத்தியது வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு கேமரா. 1970-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. காட்டில் பொறுமையாகக் காத்திருந்ததே அவருடைய உண்மையான கருவி.

படம் எடுப்பதில் ஒழுங்கும் உண்டு, குழந்தைகளே. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுச் சுவரில் ஏறி நின்றோ, ஓடும் வண்டியில் கையை நீட்டியோ படம் எடுக்கவே கூடாது. அருவிப் பாறை வழுக்கும். எந்தப் படமும் உயிரைவிடப் பெரிதல்ல. அதேபோல, மலையில் வாழ்பவர்கள் காட்சிப் பொருள்கள் அல்ல. ஒருவரைப் படம் எடுக்குமுன், "எடுக்கலாமா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்றால் கேமராவைத் தாழ்த்திவிடுங்கள்.

எதை எடுப்பது? அருவியை எல்லாரும் எடுப்பார்கள். நீங்கள் உங்கள் ஊரை எடுங்கள். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த பல வயல்களில் பின்னாளில் மரவள்ளிக்கிழங்கு வந்துவிட்டது. அன்று அந்த வயல்களை யாராவது ஆண்டுதோறும் படம் எடுத்து வைத்திருந்தால், இன்று அது எவ்வளவு பெரிய ஆவணம்! உங்கள் தெருவின் வேப்பமரமும், ஊர்க் கிணறும், பாட்டியின் உரலும் அப்படித்தான். இன்று சாதாரணமாகத் தெரியும். நாளை இல்லாமல் போகலாம்.

இந்த விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். கையில் இருக்கும் கேமராவிலோ செல்போனிலோ ஒரு நாளில் 12 படங்கள் மட்டும் எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், படத்தில் இருப்பதன் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். அதன்பிறகும் புதுக் கேமரா தேவை என்று தோன்றினால், எது வேண்டும், ஏன் வேண்டும் என்று அப்பாவிடம் நீங்களே தெளிவாகச் சொல்வீர்கள். அவரும் மறுக்கமாட்டார்!