தாய்க்கு இடமில்லாத வார்டில் குழந்தையின் நாட்கள் நீள்கின்றன

கருவுற்ற காலத்தில் தாய் அபின் வகை மருந்துகளைத் தொடர்ந்து உட்கொண்டிருந்தால், பிறந்த சில நாட்களுக்குள் குழந்தைக்கு விலகல் அறிகுறிகள் தோன்றலாம். உடல் நடுங்கும், கீச்சுக்குரலில் ஓயாது அழும், பால் குடிக்காது. இக்குழந்தை எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க நேரும்? எந்த மருந்து, புகையிலையோ தூக்க மாத்திரையோ உடன் சேர்ந்ததா என்பனவெல்லாம் அதைப் பாதிக்கும். எனினும் மருத்துவமனை தாயை எங்கே நிறுத்துகிறது என்பதற்கும் இதில் பெரும் பங்குண்டு.

1975 முதல் ஃபின்னகன் மதிப்பெண் முறையே பரவலாக வழக்கில் இருந்தது. சில மணி நேரத்திற்கு ஒருமுறை அறிகுறிகளுக்கு மதிப்பெண் இடுவார்கள்; அது 8ஐத் தொடர்ந்து எட்டினால் மார்ஃபின் தொடங்குவார்கள். தொடங்கியதைப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும். நாட்கள் அங்கேயே கூடிவிடும். அமெரிக்காவின் 26 மருத்துவமனைகளில் 1,305 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. குழந்தை பால் குடிக்கிறதா, உறங்குகிறதா, தேற்றினால் அமைதியாகிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்து, தாயின் அணைப்பையும் அமைதியான அறையையும் முதல் சிகிச்சையாக்கியபோது, வீடு திரும்பத் தகுதிபெறும் காலம் 14.9 நாளிலிருந்து 8.2 நாளாகக் குறைந்தது. மருந்து தேவைப்பட்டோர் 52 விழுக்காட்டிலிருந்து 19.5 ஆயினர்.

இதை அரக்கோணத்திலிருந்து பார்ப்போம். மேல்சிகிச்சைக்காகக் குழந்தை அடுக்கம்பாறைக்கோ எழும்பூருக்கோ அனுப்பப்பட்டால், தாய் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வராந்தாவில் காத்திருப்பதே பெரும்பாலும் நடைமுறை. தோல் பதனிடும் தொழிலின் கடைநிலை வேலைகளைச் செய்வோரில் பெரும்பாலோர் தலித்துகள். பதிவான ஷூ தொழிற்சாலையில் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. வழியே 26 வார மகப்பேறு ஊதியம் உண்டு. வீட்டிலிருந்தே காலணி மேல்பகுதியைத் தைப்பவருக்கு அதுவும் இல்லை. வீட்டில் மூத்த குழந்தை காத்திருக்க, அன்றாடக் கூலி நின்றுபோக, எவ்வளவு நாள் அவர் வராந்தாவில் இருப்பார்?

அடுத்தது அச்சம். 1989 முதல் தென் கரோலினாவின் சார்லஸ்டனில் ஓர் அரசு மருத்துவமனை கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, முடிவைக் காவல்துறையிடம் கொடுத்தது. கைதான 30 பேரில் 29 பேர் கறுப்பினப் பெண்கள். தாயின் ஒப்புதலின்றிக் காவல்துறைக்காக இவ்வாறு சோதிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி உட்கொள்வதே குற்றம். தாமாகச் சிகிச்சைக்கு வருவோருக்கு 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. பிரசவ அறையில் ஏற்கெனவே சாதியின் பெயரால் ஏச்சு வாங்கிய பெண்ணுக்கு அதை யார் சொல்லியிருக்கிறார்கள்? அவர் மறைத்தால், குழந்தையின் நடுக்கம் நோய்த்தொற்று என்று கருதப்பட்டு வேறு சிகிச்சை நடக்கும். அதிலும் நாட்கள் கழியும்.

தலித் பெண்களைப் போதையோடு சேர்த்துப் பேச இதை எவரும் கருவியாக்க வேண்டாம். இந்நாட்டில் அபின் வகைப் பயன்பாட்டாளர்களில் ஆண்களே மிகப் பெரும்பான்மையினர் என்பதை 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு காட்டுகிறது. ஆனால் தாய்க்கான படுக்கை எடை குறைந்து பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தேவை. டெல்லி சஃப்தர்ஜங் உள்ளிட்ட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் தாயையும் சேயையும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக வைத்தபோது, அத்தகைய குழந்தைகளின் இறப்பு 25 விழுக்காடு குறைந்ததை 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. நம் மாவட்ட மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் தாய்மாருக்கு எத்தனை படுக்கைகள் உள்ளன என்பதைச் சுகாதாரத் துறை வெளியிட வேண்டும்; 64ஏ பிரிவைப் பிரசவ வார்டின் சுவரில் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.