யாரைக் கேட்டு அந்தப் படம்?

பழைய சிகரெட் அட்டைகளைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் ஒரே வரியில்தான் ஆரம்பிக்கிறார்கள்: ‘நட்சத்திர விளம்பரத்தின் முன்னோடி.’ எனக்கு இது ஒப்பவில்லை. முன்னோடிதான், எதற்கு முன்னோடி என்பதுதான் கேள்வி.

1880களில் அமெரிக்க சிகரெட் மெல்லிய காகித உறையில் வந்தது. நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை. அதைச் சும்மா விடுவானேன்? நாடக நடிகைகளின் படத்தை அச்சடித்தார்கள். ரிச்மண்டின் ஆலன் அண்ட் ஜின்டர், டர்ஹாமின் டியூக் என்று எல்லாக் கம்பெனியும் இதைச் செய்தது. பான்சாக்கின் இயந்திரம் ஒரு நாளில் லட்சம் சிகரெட் உருட்டித் தள்ளியது. அத்தனையையும் விற்றாக வேண்டுமே!

லில்லி லாங்ட்ரி பியர்ஸ் சோப்பைச் சிபாரிசு செய்தது விளம்பரம். அவர் பெயரில் வந்தது, அவருக்குக் காசும் கிடைத்தது. அட்டை நடிகை எதைச் சிபாரிசு செய்தார்? அவர் முகம் மட்டும் பெட்டிக்குள் போனது.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. ஆஸ்கர் வைல்டின் படத்தை ஒரு அச்சகம் 85,000 பிரதி போட்டது. வழக்குத் தொடுத்தவர் வைல்டு அல்ல, படமெடுத்த சரோனி. 1884இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்ததும் அவரே. மாவு விளம்பரத்தில் தன் படத்தைப் பார்த்து வழக்குப் போட்ட அபிகேல் ராபர்சனை 1902இல் நியூயார்க் நீதிமன்றம் கைவிட்டது. ஊர் கொதித்த பிறகு, 1903இல்தான் சம்மதம் வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது.

“அதனால என்ன சார், நடிகைக்கும் பேர் கிடைச்சுதே” என்பார்கள். லில்லியன் ரஸல் போன்றவர்களுக்குக் கிடைத்திருக்கலாம். மற்றவர்களுக்கு? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பர்டிக் சேகரிப்பைப் பாருங்கள். எத்தனையோ அட்டைகளுக்குத் தலைப்பே வெறும் ‘நடிகை’தான். பேர் கிடைத்த லட்சணம் இது!

1894இல் வாஷிங்டன் டியூக் இந்தப் படங்களைக் கண்டித்து மகனுக்குக் கடிதம் எழுதினார். அவர் கவலை இளசுகள் கெட்டுப்போவார்களே என்பது. படத்திலிருந்த பெண்ணைக் கேட்டார்களா என்பது அல்ல.

பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் 1909இல் தன் படத்தைப் போட அனுமதி மறுத்தார். அச்சானது சொற்பம். அதில் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது. அவரால் மறுக்க முடிந்தது. அந்த நடிகைகளை யாரும் கேட்கவே இல்லை. கேட்காமல் எடுத்ததற்கு ‘முன்னோடி’ என்று பட்டம் கட்டினால், இன்று அடுத்தவர் முகத்தைத் திருடி விளம்பரத்தில் ஒட்டுகிறவனை எந்த வாயால் திட்டுவோம்?