வைரஸ்னா மருந்தே இல்ல, அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு?

தலைப்பு என்னோடது இல்லை மக்களே. போன மாசம் ஆஸ்பத்திரி வராண்டாவுல எங்க சொந்தக்காரர் ஒருத்தர் உதிர்த்த முத்து.

தங்கச்சி குழந்தைக்கு நாப்பது நாள்தான். காய்ச்சல், பால் குடிக்கலை. முதுகுல நீர் எடுத்துப் பார்த்தாங்க. வெள்ளையணுக்கள் அதிகம். மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளை உறை அழற்சி. உடனே நரம்பு வழியா ரெண்டு ஆன்டிபயாடிக். இதுல எனக்கு சண்டையே இல்லை. பாக்டீரியாவா இருந்தா, காத்திருந்தா உயிரே போயிடும்.

சண்டை அடுத்த கட்டத்துல. ரெண்டு நாள் கழிச்சும் கல்ச்சர்ல ஒண்ணும் வளரலை. ஆனாலும் "எதுக்கும் இருக்கட்டும்"னு மருந்து ஓடுது. அந்தப் பிஞ்சுக் கையில ஊசி குத்த இடமில்லை. "பிசிஆர் பண்ணலாமா?"ன்னு கேட்டேன். அப்பத்தான் அந்த முத்து. ஆஸ்பத்திரியிலயும் கிட்டத்தட்ட அதே பதில்.

அடம்பிடிச்சு வெளி லேபுக்கு அனுப்ப வெச்சோம். என்டீரோவைரஸ்! மறுநாளே ஆன்டிபயாடிக் நின்னுது.

இப்ப அந்த சொந்தக்காரருக்கு என் பதில்:

ஒண்ணு, குழந்தைங்களுக்கு வர்ற வைரஸ் மெனிஞ்சைட்டிஸ்ல பெரும்பாலானது என்டீரோவைரஸ்தான். பெரும்பாலும் தானா சரியாயிடும். அது தெரிஞ்சாத்தானே தேவையில்லாத மருந்தை நிறுத்த முடியும்?

ரெண்டு, ஹெர்ப்பிஸும் வைரஸ்தான் சாமி! அதுக்கு அசைக்ளோவிர்னு மருந்து இருக்கு. பச்சைக் குழந்தைக்கு லேட்டாக் கொடுத்தா உயிர் போகும், இல்லேன்னா மூளை பாதிக்கும்.

மூணு, பரெக்கோவைரஸ்னு ஒண்ணு. இதுல வெள்ளையணு எண்ணிக்கை நார்மலாவே இருக்கலாம். நீரைப் பார்த்து "ஒண்ணுமில்லை"ன்னு சொல்லிடுவாங்க. பிசிஆர்தான் காட்டிக் கொடுக்கும்.

பிசிஆர் கடவுள் இல்லை, ஒத்துக்கறேன். தப்பாவும் காட்டலாம். கல்ச்சரும் டாக்டரோட கண்ணும் கூடவே வேணும். ஒரே மணி நேரத்துல 14 கிருமிகளைத் தேடுற டெஸ்ட்டுக்கு அமெரிக்காவுல 2015லயே அனுமதி கொடுத்தாச்சு. அது விலை ஜாஸ்தி, சரி. நான் கேக்கறது என்டீரோவைரஸ், ஹெர்ப்பிஸ் ரெண்டுக்கும் தனித்தனி பிசிஆர். 2020ல கொரோனாவுக்காக ஊரெல்லாம் ஆர்டி-பிசிஆர் லேப் திறந்தோமே, அந்த நுட்பம் பெரியவங்க மூக்குக்கு மட்டும்தானா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மாமன். பதிவுலக டாக்டர்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்முங்க. ஆனா "எதுக்கும் இருக்கட்டும்"னு மட்டும் சொல்லிடாதீங்க!