டெஸ்க்டாப்பைத் தூக்கிவிட்டு லேப்டாப்புக்கு மாறுகிறீர்களா? பிராசஸருக்கு முன்பு போர்ட்டைப் பாருங்கள்!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்தது. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ டெஸ்க்டாப்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் 8-வது தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். 2016 வாக்கில் அசெம்பிள் செய்த பெட்டிகள் இந்தப் பரீட்சையில் ஃபெயில். தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகளும் 2026 அக்டோபர் வரைதான்.

சி.பி.யு. பெட்டி பழசானாலும், அதோடு வாங்கிய மானிட்டர் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கும். அதனால் பலருக்கும் தோன்றுவது இதுதான்: பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு லேப்டாப் வாங்கி, இதே மானிட்டரில் மாட்டிக்கொண்டால் என்ன? நல்ல யோசனைதான். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு, பொங்கலுக்கு ஊர் என்று ஓடுகிறவர்களுக்கு டெஸ்க்டாப் ஒத்துவராது. பதினைந்து அங்குலத் திரையையே நாள் முழுக்கக் குனிந்து பார்த்தால் கழுத்தும் தாங்காது.

சிக்கல் கடையில்தான் ஆரம்பிக்கிறது. ஐ5-ஆ, ஐ7-ஆ? ஸ்க்ரீன் ஓ.எல்.இ.டி.யா? எடை எவ்வளவு? இவைதான் கேள்விகள். “வீட்டில் எந்த மானிட்டர் வைத்திருக்கிறீர்கள், எதன் வழியாக மாட்டப் போகிறீர்கள்?” என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. அறுபது, எழுபதாயிரம் ரூபாயை இ.எம்.ஐ.யில் போட்டு வாங்கி வந்து கேபிளைச் செருகினால் மானிட்டரில் ‘நோ சிக்னல்’. லேப்டாப்பில் கோளாறு கிடையாது. மானிட்டரிலும் கிடையாது. அந்தப் போர்ட்டுக்குப் படம் அனுப்பவே தெரியாது, அவ்வளவுதான்.

வடிவம் ஒன்று, வேலை வேறு

டைப்-சி என்பது 2014-ல் வெளியான ஒரு வடிவத்தின் பெயர். அந்த நீள்வட்ட ஓட்டைக்குப் பின்னால் என்ன வசதி இருக்கிறது என்பதை வடிவம் சொல்லாது. ஒரே மாதிரி மூன்று குழாய்கள். ஒன்றில் மெட்ரோ வாட்டர், இன்னொன்றில் போர் தண்ணீர், மூன்றாவதைத் திறந்தால் காற்று. டைப்-சி கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். சில போர்ட்கள் டேட்டா மட்டும் கடத்தும். சில, டேட்டாவோடு லேப்டாப்புக்குச் சார்ஜும் ஏற்றும். சில, மானிட்டருக்குப் படமும் அனுப்பும். தண்டர்போல்ட் 4, யு.எஸ்.பி.4 என்று குறிக்கப்பட்டவை படத்தையும் வேகமான டேட்டாவையும் சேர்த்தே கையாளும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் சின்னமும் அம்பு முனையும் இருந்தால் தண்டர்போல்ட், கவலை இல்லை. ‘டி’, ‘பி’ எழுத்துகள் பின்னிக்கொண்ட சின்னம் இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட் வழியாகப் படம் போகும். சின்னமே இல்லாவிட்டால் வசதி இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. சில நிறுவனங்கள் வசதியைக் கொடுத்துவிட்டுச் சின்னத்தைப் போடுவதில்லை.

அதனால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் முழு விவரப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். ஆன்லைன் கடைப் பக்கத்தில் ‘டைப்-சி: 1’ என்று மட்டும் போட்டிருப்பார்கள், அது போதாது. பட்டியலில் ‘டிஸ்ப்ளேபோர்ட்’, ‘பவர் டெலிவரி’ என்ற இரண்டு சொற்களும் இருக்கணும். ‘டேட்டா டிரான்ஸ்ஃபர் ஒன்லி’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அந்த லேப்டாப் இந்த வேலைக்கு ஆகாது. மாடல் எண்ணை முழுசாகப் போட்டுத் தேடுவதும் முக்கியம். ஒரே பெயரில் பத்துப் பதினைந்து வகைகள் விற்கிறார்கள். அண்ணனுக்கு இருக்கும் போர்ட் தம்பிக்கு இருக்காது. லெனோவோ இதற்கென்றே ‘பி.எஸ்.ஆர்.இ.எஃப்.’ என்ற தனித் தளம் வைத்திருக்கிறது. மற்ற நிறுவனங்களிலும் கொஞ்சம் தோண்டினால் கிடைத்துவிடும்.

இந்த இரண்டும் சரியாக அமைந்தால் கிடைப்பது ஒற்றைக் கேபிள் வாழ்க்கை. டைப்-சி வசதியுள்ள மானிட்டரில் கீபோர்டு, மவுஸ் எல்லாம் செருகிக் கிடக்கும். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேபிளை லேப்டாப்பில் மாட்டினால் படம், சார்ஜ், கீபோர்டு எல்லாம் வந்துவிடும். கிளம்பும்போது ஒன்றைப் பிடுங்கினால் போதும். இதில் பார்க்க வேண்டியது, மானிட்டர் எத்தனை வாட் கொடுக்கிறது என்பது. 65, 90 வாட் கொடுக்கும் மானிட்டர்கள் இருக்கின்றன. லேப்டாப்போடு வந்த சார்ஜர் 65 வாட்டாக இருந்து, மானிட்டர் 45 வாட்தான் தருமென்றால், கனமான வேலை நேரத்தில் பேட்டரி மெல்லக் கரையும். 200 வாட் சார்ஜரோடு வரும் கேமிங் லேப்டாப்புக்கு ஒற்றைக் கேபிள் ஆசையை விட்டுவிடுவது நல்லது; செங்கல் சைஸ் சார்ஜர் மேஜையிலேயே இருக்கட்டும்.

பழைய மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான் இருக்கிறதா? ஃபுல் எச்.டி. மானிட்டர் என்றால் எந்த லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டும் போதும். 4கே மானிட்டர் என்றால்தான் பதிப்பு எண்ணைப் பார்க்கணும். எச்.டி.எம்.ஐ. 1.4 வழியாக 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும், 2.0 என்றால் 60 முறை. 30-ல் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தத்தித் தத்தி வரும். இரண்டு மணி நேரம் பார்த்தால் எரிச்சலாகிவிடும். குறைந்த விலை லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது 1.4-தான்.

விலை மலிவான டைப்-சி ஹப்களிலும் இதே 30 தொல்லை உண்டு. டைப்-சி கேபிளுக்குள் இருக்கும் அதிவேகப் பாதைகளில் பாதியை யு.எஸ்.பி. டேட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில் படத்தை ஓட்டுவதால் வரும் நெருக்கடி அது. அட்டையில் ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருக்கும் ஹப்பையே வாங்க வேண்டும். வெறும் ‘4கே’ என்றிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். போனோடு வந்த சார்ஜிங் கேபிளை மானிட்டருக்கு மாட்டிப் பார்த்து ஏமாறுகிறவர்களும் நிறைய. பெரும்பாலும் அது சார்ஜுக்கும் மெதுவான டேட்டாவுக்கும் மட்டும் செய்தது, படம் வராது.

மேக் பக்கம் வேறு கதை. எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏரில் வெளி மானிட்டர் ஒன்றுதான் மாட்ட முடியும். 2024-ல் வந்த எம்3 ஏரில் மூடியை மூடினால் இரண்டு. 2025-ன் எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலும் இரண்டு. செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு வருகிறதே என்று எம்1 வாங்க நினைக்கும் இரண்டு மானிட்டர்க்காரர்கள் இதைக் கவனிக்கணும். டிஸ்ப்ளேலிங்க் என்ற சாஃப்ட்வேர் வழி ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி அடாப்டர் வாங்க வேண்டும், டிரைவர் போட வேண்டும். ஆபீஸ் கொடுத்த மெஷின் என்றால் ஐ.டி. டீம் அனுமதியும் வேண்டும்.

ஐ5 என்றாலே ஒரே ஐ5 இல்லை

போர்ட் தேறிவிட்டால் அடுத்தது பிராசஸர். டெஸ்க்டாப்பில் ஐ5 வைத்திருந்தவர் லேப்டாப்பிலும் ஐ5 கேட்பது இயல்பு. ஆனால் டெஸ்க்டாப்புக்கான ஐ5-13400-ன் அடிப்படை மின் அளவு 65 வாட். லேப்டாப்புக்கான ஐ5-1335யு-வுக்கு 15 வாட். பெயரில் அதே தலைமுறை, அதே ஐ5. சில நொடி வேலைகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அரை மணி நேரம் வீடியோ ரெண்டர் ஓடினாலோ, பெரிய ப்ராஜெக்ட் கம்பைல் ஆனாலோ லேப்டாப் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எண்ணின் கடைசியில் ‘யு’ என்றால் சிக்கனம், ‘எச்’ என்றால் அதிக மின்சாரம், அதிக வேகம், அதிக ஃபேன் சத்தம். எக்செல், பிரவுசர், டீம்ஸ் மீட்டிங் என்று போகும் வேலைக்கு ‘யு’ தாராளம். அதற்கு மேல் வேலை வாங்குகிறவர்கள் மேஜையில் உட்காரப் போகும் லேப்டாப்புக்கு எடையைப் பார்க்காமல் ‘எச்’ வாங்கலாம்.

ஏ.எம்.டி.யின் 7000 வரிசை எண்கள் இன்னும் குழப்பம். அங்கே மூன்றாவது இலக்கம்தான் உண்மை பேசும். ரைசன் 5 7520யு-வுக்குள் இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யு-வில் ஜென் 3. 7540யு-வில் ஜென் 4. பத்துப் பத்தாக எண் மாறுகிறது, உள்ளே ஒவ்வொரு தலைமுறை தாண்டுகிறது. புதுசு என்று நினைத்துப் பழசை வாங்க எளிதான வழி இது.

ரேம் 16 ஜி.பி.க்குக் கீழே போக வேண்டாம். பெரிய மானிட்டர் வந்தால் பிரவுசர் டேப்களும் பெருகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் படத்துக்கான நினைவகத்தையும் இதே ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் பழகியவர்கள் ‘இப்போ 8 போதும், அப்புறம் இன்னொரு ஸ்டிக் போட்டுக்கலாம்’ என்று நினைப்பார்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. அப்புறம் என்பதே கிடையாது. எஸ்.எஸ்.டி.யைப் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எனவே பட்ஜெட் இடித்தால் 1 டி.பி.யை 512 ஜி.பி.யாகக் குறைக்கலாம், ரேமைக் குறைக்கக் கூடாது.

காசை மிச்சப்படுத்த இன்னோர் இடமும் உண்டு. லேப்டாப்பின் சொந்தத் திரைதான் அது. நாளின் பெரும் பகுதி வெளி மானிட்டரைத்தான் பார்க்கப் போகிறோம் என்றால் ஓ.எல்.இ.டி., 3கே என்று அதில் போடும் பணம் பாதி வீண். அந்தத் தொகையை மானிட்டரில் போடலாம். 24 அங்குல ஃபுல் எச்.டி.யில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். அதே ஃபுல் எச்.டி.யை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82-தான். ஆங்கிலம் சமாளித்துவிடும். ‘ணை’, ‘ஞூ’, ‘ழி’ என்று சுழியும் வளைவுமாக இருக்கும் தமிழ் எழுத்துகள் சின்ன அளவில் பிசிறடிக்கும். 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் கியூ.எச்.டி. வாங்குவது நல்லது, அதில் 109 புள்ளிகள்.

மூடி வைத்தே வேலை பார்க்க...

லேப்டாப்பை மூடிவைத்து மானிட்டரில் மட்டும் வேலை பார்க்க நினைப்பவர்கள் விண்டோஸின் பவர் செட்டிங்கில், சார்ஜில் இருக்கும்போது மூடியை மூடினால் ‘டூ நத்திங்’ என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மூடியதும் தூங்கிவிடும். மூடினால் கேமராவும் போய்விடும் என்பது பலருக்கு முதல் வீடியோ மீட்டிங்கில்தான் உறைக்கிறது! தனி வெப்கேம் வாங்க மனமில்லாவிட்டால், ஒரு ஸ்டாண்டில் லேப்டாப்பைத் திறந்தபடி மானிட்டருக்குப் பக்கத்தில் வைக்கலாம். காற்றும் போகும், சாட் விண்டோவைப் போட இரண்டாவது திரையும் கிடைக்கும்.

எந்நேரமும் சார்ஜிலேயே கிடப்பது பேட்டரிக்கு ஆகாது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளரும். லெனோவோ, ஏசஸ், டெல், எச்.பி. என்று பெரும்பாலான நிறுவனங்கள் 80 சதவீதம் அல்லது அதன் அருகில் சார்ஜை நிறுத்திவைக்கும் வசதியை, தங்கள் ஆப்பிலோ பயாஸிலோ கொடுத்திருக்கின்றன. வாங்கிய அன்றே அதை ஆன் செய்துவிடலாம்.

அந்த பேட்டரிதான் கரண்ட் கட்டில் கைகொடுக்கும். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். இல்லாமல் எழுதியது போச்சு. லேப்டாப்பில் மானிட்டர் மட்டும்தான் அணையும். ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். போட்டுவிட்டால் மீட்டிங்கும் அறுபடாது.

எல்லோரும் மாற வேண்டுமா என்றால், கிடையாது. மேஜையை விட்டு நகரவே போவதில்லை என்கிறவருக்கு மினி பி.சி. போதும். திரைக்கும் பேட்டரிக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய மானிட்டரும் கீபோர்டும் அப்படியே பயன்படும். தீவிரமாக கேம் ஆடுகிறவர்களும் யோசிக்கணும்: டெஸ்க்டாப் ஆர்.டி.எக்ஸ். 4070-ல் 12 ஜி.பி. நினைவகம், லேப்டாப்பின் அதே 4070-ல் 8 ஜி.பி.

கடையில் வாங்குவதாக இருந்தால், ரிச்சி தெருவோ ஊரிலுள்ள ஷோரூமோ, வீட்டில் பயன்படுத்தப் போகும் கேபிளைக் கையோடு எடுத்துப்போய் டெமோ பீஸில் மாட்டிக் காட்டச் சொல்லலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆன்லைனில் வாங்கினால் மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் சில நாள்கள்தான். எனவே பெட்டி வந்த அன்றே மானிட்டரில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் காட்டுகிறதா? அதே கேபிளில் சார்ஜ் ஏறுகிறதா? தூங்கவைத்து எழுப்பினால் மானிட்டரும் விழிக்கிறதா? ஒரு மணி நேரம் வீடியோ காலும் பத்து டேபும் ஓடினால் ஃபேன் எவ்வளவு இரைகிறது? இதெல்லாம் தேறும்வரை பழைய சி.பி.யு.வை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். போடும்போதும் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை முதலில் கழற்றிவிடுங்கள். கல்யாண ஃபோட்டோவெல்லாம் அதில்தான் இருக்கும்.