பொடியின் மகிமை

ஜிம்முக்குப் போகும் வாலிபர்கள் தேகப்பயிற்சிக்கு முன் “பிரீ ஒர்க்அவுட்” என்னும் பொடியைக் கரைத்துக் குடிக்கிறார்கள். சற்று நேரத்தில் முகமும் காதும் சுருசுருக்கவே, பலம் ஏறிவிட்டதாக நம்புகிறார்கள். பலமாவது, ஏறுவதாவது! பீட்டா அலனைன் என்னும் சரக்கு தோல் நரம்பைக் கிளறுவதே அந்தச் சுருசுருப்பு; சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு குடித்தாலும் வரும். அச்சரக்கு தசைக்கு உதவ வேண்டுமானால் வாரக்கணக்கில் தினமும் உண்ண வேண்டும். மற்ற உற்சாகத்துக்கெல்லாம் பெரும்பாலும் காப்பியிலுள்ள காபீனே காரணம். சில பொடிகளில் கரண்டிக்கு 300 மில்லிகிராம், அதாவது மூன்று கோப்பைக் காப்பி ஒரே மடக்கில்! இரத்தக் கொதிப்புள்ளவன் கதி என்ன?

இத்தகைய பொடிகளில் கலந்து விற்ற டி.எம்.ஏ.ஏ. மாரடைப்புக்கும் காரணமாகலாமென்று அமெரிக்க உணவு மருந்து இலாகா 2013-ல் எச்சரித்தது. அதன் பிறகும் எது எத்தனை என்று சொல்லாமல் “தனிக் கலவை” என்று மாத்திரம் அச்சிட்ட டப்பாக்கள் விற்பனையாகின்றன. மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கும் குடியானவன்கூட கடலையா, எள்ளா என்று கேட்டல்லவா வாங்குகிறான்?