வீழ்ந்த பின் வைத்தியமா?

திகன நகரில் அரசாங்க மறுவாழ்வு மருத்துவமனை ஒன்று உண்டு. நடை இழந்தோரை மீண்டும் நடக்கப் பழக்கும் அதன் பணியைப் போற்றுகிறோம். ஆனால், அந்த வாயிலுக்கு வராமலே காக்கப்பட்டிருக்கக்கூடிய முதியோர் எத்தனை பேர் என்று கேட்போர் யார்?

"கிழவி வழுக்கி விழுந்தாள், விதி!" என்று பேசி முடித்துவிடுகிறோம். விதியன்று, ஈரப்படி! விளக்கில்லாப் பாதை! ஆண்டுதோறும் 684,000 பேர் விழுந்து மடிகின்றனர் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குரைத்தது. அவர்களுள் அறுபதைக் கடந்தோரே மிகுதி.

திகனயைச் சூழ்ந்த தோட்டங்களைப் பாருங்கள். வெள்ளையர் காலத்து லயக் காம்பரா. வாயிலில் உயர்ந்த படி. பல லயங்களில் கழிப்பறை வெளியே. நள்ளிரவில், பாசி பிடித்த சரிவில், கூடை சுமந்து தேய்ந்த முழங்கால் எவ்வளவு தூரம் தாங்கும்? சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தலாமென்றால், சுவர் அவளுக்குச் சொந்தமா? 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையின் மிச்சக் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்ந்தது. காணியுரிமைக் கணக்கு இன்றும் தீரவில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்கிறது. நன்று! மகன் கொழும்புக் கடையிலும் மகள் வளைகுடா நாட்டு அடுப்படியிலும் உழைக்க, தாய் தனித்திருக்கும் வீட்டின் உடைந்த படியைச் செப்பனிடுவது யார் கடமை? 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் கேட்கின்றன. லயமோ பொதுக் கட்டடமுமன்று, குடியிருப்போரின் சொந்த வீடுமன்று. சட்டம் படித்தோர் இந்த இரண்டுங்கெட்டான் நிலையைக் கண்டு நகைக்கலாம். எமக்கு நகைப்பு வரவில்லை.

ஆபத்தை அறியப் பெருங்கருவி வேண்டா. ஓராண்டுக்குள் விழுந்தீர்களா? நடக்கையில் தடுமாற்றமா? விழுவோமென்ற அச்சமா? இவற்றைக் கேளுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து அமரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை! கண்புரையையும், எழுந்ததும் வரும் தலைச்சுற்றையும், தூக்க மாத்திரையையும் வைத்தியர் ஆராயட்டும். தாமாக மருந்தை நிறுத்தலாகாது. அச்சத்தால் முடங்கிக் கிடப்பதோ காலை மேலும் தளர்த்தும். கால்வலுவும் சமநிலையும் வளர்க்கும் பயிற்சி விழுதலைக் குறைக்குமென்பது ஆய்ந்து கண்ட உண்மை.

கிளைச் செயலாளர்களே, தனித்து வாழும் முதியோர், பழுதான படி, எரியாத விளக்கு ஆகியவற்றை லயம் லயமாக எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்பட்டியலைத் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலாளரிடமும் வைத்து, எழுத்தில் பதில் கேட்போம்.