பிலிம் போய் மருந்து வந்தது, தொழிலாளி எங்கே?

மஞ்சள் டப்பாவில் பிலிம் அடைத்து உலகமெங்கும் விற்ற கோடாக் கம்பெனி இன்று மருந்துக்கு வேண்டிய மூலப்பொருள்களைத் தயாரிக்க இறங்கியிருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் நடக்கும் காரியம் இது. “நமக்கென்ன?” என்று ஆலைத் தொழிலாளியோ விவசாயக் கூலியோ ஒதுங்கிவிட முடியாது. ஒரு பெரும் தொழில் நொடிக்கும்போது தெருவில் நிற்பவன் யார்? அதைத் தூக்கி நிறுத்தச் சர்க்கார் பணம் வரும்போது அது யார் பைக்குப் போகிறது? காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் மாத்திரையின் மூலச்சரக்கு எங்கிருந்து வருகிறது? இம்மூன்று கேள்விகளும் இந்தக் கதைக்குள் அடங்கியிருக்கின்றன.

பிலிம் கம்பெனி மருந்து செய்வது விந்தையல்ல. பிலிம் என்பதே ரசாயனம்தான். ஜெலட்டினில் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களைக் கலந்து, கும்மிருட்டில், தூசி படாமல், மெல்லிய படலமாகப் பூசி எடுப்பது அந்தத் தொழில். வர்ண பிலிமுக்கான சாயப் பொருள்களையும் அதே தொழிலாளர்கள் கொப்பரைகளில் காய்ச்சி, வடித்து, சுத்தம் செய்து எடுத்தார்கள். அளவு பிசகாத கை, சுத்தம் குலையாத கூடம், பல தலைமுறையாகச் சேர்ந்த அனுபவம் எல்லாம் அங்கே இருந்தன.

இதற்கு முன்னோடியும் உண்டு. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆய்வுக்கூட ரசாயனங்கள் நின்றுபோயின. அப்போது, 1918இல், கோடாக் தானே அவற்றைத் தயாரிக்க ஒரு பிரிவைத் தொடங்கிற்று. வெளிநாட்டுச் சரக்கு நின்றால் உள்நாட்டுத் தொழிலாளி அதைச் செய்து காட்டுவான் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிரூபணமான விஷயம்.

அப்படியானால் அந்தத் தொழிலாளர் படை எங்கே போயிற்று?

1982இல் ராச்செஸ்டரில் மட்டும் சுமார் 60,000 பேர் கோடாக்கில் வேலை செய்தார்கள். 1988இல் உலகம் முழுவதும் அதன் தொழிலாளர் தொகை சுமார் 1,45,000. 2020 தொடங்கும்போது மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். இடையில் 2007இல், பிலிம் செய்த பெரும் கட்டடங்கள் சிலவற்றை நிர்வாகமே வெடிவைத்துத் தகர்த்தது.

“டிஜிட்டல் காமிரா வந்தது, பிலிம் போயிற்று, இதற்கு யார் என்ன செய்ய முடியும்?” என்று முதலாளிகளின் பத்திரிகைகள் எழுதுகின்றன. காலம் மாறும், யந்திரம் மாறும், நாம் மறுக்கவில்லை. ஆனால் முதல் டிஜிட்டல் காமிராவை 1975இல் செய்து காட்டியவர் கோடாக் கம்பெனியின் சொந்த இன்ஜினீயர்தான். வரப்போவது இன்னதென்று நிர்வாகத்துக்குத் தெரியும். பிலிமில் லாபம் கொழித்துக்கொண்டிருந்ததால் அது அவசரப்படவில்லை.

மருந்துத் துறைக்கும் கோடாக் புதிதாக வந்துவிடவில்லை. 1988இல் ஸ்டெர்லிங் டிரக் என்ற மருந்துக் கம்பெனியை 510 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஆறே ஆண்டில், கடன் சுமையைக் காட்டி, அதைத் துண்டு துண்டாக விற்றுவிட்டது. அதே 1994இல் தன் பெரிய ரசாயனப் பிரிவையும் தனிக் கம்பெனியாகக் கழற்றிவிட்டது. ரசாயனமும் மருந்தும் கையில் இருந்தபோது இரண்டையும் உதறிய நிர்வாகம், கால் நூற்றாண்டு கழித்து “மருந்து செய்யப் போகிறோம்” என்று சர்க்காரிடம் கைநீட்டியது. ஜப்பானின் ஃபூஜி கம்பெனிக்கும் இதே பிலிம் வீழ்ச்சி வந்தது. அதுவும் ஆட்குறைப்பு செய்தது. அதை நாம் போற்றவில்லை. ஆனால் அது தன் ரசாயனத் திறனைக் கைவிடாமல் 2008இல் தொயாமா என்ற மருந்துக் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டு நிலைத்தது. ஆகவே, வேறு வழியே இல்லை என்று சொல்வது பொய்.

கோடாக் தொழிலாளிக்கு ஏன் எதிர்த்து நிற்கும் பலம் இல்லாமல் போயிற்று? அந்தக் கம்பெனி தொழிற்சங்கத்தை உள்ளே விடாமல் இருப்பதில் பேர் பெற்றது. 1912 முதல் லாபத்தில் ஒரு பங்கைப் போனஸாகக் கொடுத்து, “நாங்களே கவனித்துக்கொள்கிறோம், சங்கம் எதற்கு?” என்றது. ஆனால் அதன் வாக்கு எவ்வளவு பெறும் என்பதை ராச்செஸ்டரின் கறுப்பின மக்கள் 1966லேயே கண்டார்கள். அவர்களில் 600 பேரை வேலைக்கு எடுப்பதாகக் கம்பெனியின் அதிகாரி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, சில நாட்களிலேயே நிர்வாகம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

2012 ஜனவரியில் கோடாக் திவால் மனுப் போட்டது. ஓய்வுபெற்றவர்களுக்கு அளித்துவந்த மருத்துவ உதவி அந்த ஆண்டோடு நிறுத்தப்பட்டது. ஆயுள் முழுவதும் ரசாயன நெடியில் உழைத்துத் தேய்ந்த பல்லாயிரம் பேருக்கு மருந்துச் செலவை மறுத்த கம்பெனிதான், எட்டு ஆண்டு கழித்து “நாட்டுக்கு மருந்து தருவோம்” என்று முழங்கியது.

இனி 2020ஆம் ஆண்டின் கூத்தைக் கவனியுங்கள். கொரோனா நோய் பரவியிருந்த நேரம். மருந்தின் மூலச்சரக்குக்கு இந்தியாவையும் சீனாவையும் நம்பியிருக்கிறோமே என்று அமெரிக்க ஆட்சியாளர்களுக்கு நடுக்கம் பிறந்தது. ஏப்ரல் மாதத்தில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை இந்தியா அனுப்பாவிட்டால் பதிலடி இருக்கலாம் என்று ஜனாதிபதி டிரம்ப் மிரட்டினார்; நமது சர்க்கார் உடனே ஏற்றுமதித் தடையைத் தளர்த்தியது.

ஜூலை 28 அன்று, கோடாக்குக்கு 76.5 கோடி டாலர் கடன் கொடுக்க உத்தேசம் என்று அமெரிக்க சர்க்காரின் வளர்ச்சி நிதி ஸ்தாபனம் அறிவித்தது. ஏழை நாடுகளின் அபிவிருத்திக்கு என்று அமைத்த ஸ்தாபனம் அது! நேரடியாகக் கிடைக்கும் வேலை 360 பேருக்கு என்றார்கள். தோழர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வேலைக்கு 21 லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது.

ஒரு கிராம் மருந்துகூடப் பிறக்கவில்லை. ஆனால் பங்கு மார்க்கெட்டில் மூன்று டாலருக்கும் கீழே கிடந்த கோடாக் பங்கு, அறிவிப்புக்கு மறுநாள் ஒரு கட்டத்தில் 60 டாலரைத் தொட்டது. அறிவிப்புக்கு முந்தின நாள்தான் கம்பெனியின் தலைமை நிர்வாகிக்கு, குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை 17.5 லட்சம் பங்குகளுக்கு வழங்கப்பட்டிருந்தது. கூக்குரல் எழுந்தது. ஆகஸ்ட் 7 அன்று கடன் நிறுத்தி வைக்கப்பட்டது; பிறகு அது வரவேயில்லை. விசாரணைகள் நடந்தன. கம்பெனி அமர்த்திய வக்கீல்கள் சட்டம் மீறப்படவில்லை என்றார்கள். கடன் ஸ்தாபனத்தின் அதிகாரிகள் தவறு செய்ததாக ஆதாரமில்லை என்று அதன் கண்காணிப்பாளரும் சொன்னார்.

சரி, சட்டம் மீறப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சட்டப்படியே இவ்வளவும் நடக்க முடியும் என்பதுதான் நமது குற்றச்சாட்டு. ஜனங்களின் நோயைக் காட்டி வந்த ஒரு காகித அறிவிப்பில் பங்கு வியாபாரிகள் சூதாடலாம். கொப்பரை முன் நிற்கும் தொழிலாளிக்கு அதில் ஒரு வார்த்தை சொல்ல உரிமை கிடையாது.

அந்தக் கடன் கிடைக்காமலே கோடாக் ராச்செஸ்டரில் சிறிய அளவில் மருந்துக் கூடத்தை விரிவுபடுத்தி, 2025இல் அதை உற்பத்திக்குத் தயார் செய்தது. அதே 2025 ஆகஸ்டில், கடன்களை அடைத்துத் தொழிலைத் தொடர முடியுமா என்பதே சந்தேகம் என்று கம்பெனி தன் கணக்கறிக்கையில் எச்சரித்தது. ஓய்வூதிய நிதித் திட்டத்தை முடித்து, பாக்கிகளைத் தீர்த்தபின் மிஞ்சும் பணத்தால் கடனை அடைப்போம் என்றது. முதலாளியின் கடனைத் தீர்க்கக் கடைசியில் கைகொடுப்பது தொழிலாளியின் பெயரால் சேர்ந்த நிதிதான்!

நம் வீட்டையும் பார்ப்போம். பிலிமுக்கு அந்நியரை நம்பக்கூடாது என்று 1960இல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டது. “இந்து” என்ற பெயரில் பிலிமும் ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் செய்த பொதுத்துறை ஆலை அது. 1990களில் நலிவுற்ற ஆலை ஆயிற்று. அங்கேயும் இருட்டறையில் பழகிய கைகள் இருந்தன, ரசாயனம் தெரிந்த மூளைகள் இருந்தன. அவர்களுக்குப் புதுத் தொழில் வரவில்லை. 2014இல் “விருப்ப” ஓய்வுதான் வந்தது.

சோவியத் உதவியுடன் 1961இல் தொடங்கிய ஐ.டி.பி.எல். மருந்து ஆலைகளும் 1990களில் முடங்கின. அதன் பலன் என்ன? நாம் இறக்குமதி செய்யும் மருந்து மூலச்சரக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அதைக் குறைக்கவென்று மத்திய சர்க்கார் 2020இல் 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் போட்டது. சொந்த ஆலையைச் சாகவிட்டுவிட்டுத் தனியாருக்கு ஊக்கத்தொகை!

மருந்து உள்நாட்டிலேயே செய்யப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. நலிந்த ஆலை புதுச்சரக்குக்கு மாறுவதையும் நாம் எதிர்க்கவில்லை. இழுத்து மூடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். ஜனங்களின் பணம் ஒரு ஆலைக்குப் போகுமானால் அதற்கு நிபந்தனை வேண்டும். பழைய தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் வைக்க வேண்டும். ஓய்வூதியத்திலும் மருத்துவ உதவியிலும் கைவைக்கக் கூடாது. விளையும் மருந்து ஏழைக்கு எட்டும் விலையில் விற்க வேண்டும். கணக்கு தொழிலாளர் பிரதிநிதிகளின் பார்வைக்கு வர வேண்டும்.

இந்த நிபந்தனைகளை எந்த முதலாளியும் தானாக எழுதிக்கொடுக்க மாட்டான். சங்கமில்லாத ராச்செஸ்டரின் கதை அதைத்தான் சொல்கிறது. உங்கள் ஆலையில் நாளைக்குப் புது யந்திரம் வரும், புதுச் சரக்கு வரும். அன்றைக்குச் சங்கம் தேடி ஓடுவதில் பயனில்லை. இன்றே சங்கத்தைப் பலப்படுத்துங்கள்!